குலுங்காத வண்டி

என் மகன் எங்கள் பிக்கப் வண்டியை உயர்த்திக் கட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்று, நான் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னலே இது ஒட்டகம்?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் வேறு அறைக்குப் போய்விடுவார்கள்.

அவன் வேலையற்றுப் போய் அதைச் செய்யவில்லை. முள்ளக்காட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் குத்தகைக்கு ஓர் உப்பளம் இருந்தது. நாசரேத்தில் என் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேர் வாத்தியார்கள். நான் ஒருவன்தான் சாக்பீஸைத் தொடமாட்டேன் என்று தூத்துக்குடிக்கு வந்து உப்பைத் தொட்டேன். மழைக்காலத்தில் அளத்துக்குப் போகும் மண்பாதை தண்ணீருக்குள் போய்விடும். ஒரு வருஷம் வண்டி நடுப்பாதையில் நின்று, இன்ஜினுக்குள் உப்புத்தண்ணீர் ஏறி, அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அந்த வழியெல்லாம் நான் பேசிய பேச்சைக் கேட்டபிறகுதான் அவன் வண்டியை உயர்த்துவது என்று முடிவு செய்தான்.

முத்தையாபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த பட்டறை ஒன்று உண்டு. பட்டறைக்காரர் என்னைவிட வயதில் இளையவர், என்னை அண்ணாச்சி என்பார், வாய் ஓயாது பேசுவார். அவருடைய பட்டறையிலேயே என் மகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான். பின்சக்கர அச்சுக்கு மேலே, வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருக்கும் அல்லவா, அவைதான் வண்டியின் பாரத்தையும் பள்ளத்தின் அடியையும் வாங்குபவை. அந்தப் பட்டைகளுக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டைகளை வைத்தான். பத்தாததற்கு அடுக்கில் இன்னொரு தடித்த பட்டையைச் சொருகினான். முன்பக்கத்தையும் தூக்கினான். பெரிய டயர் போட்டான். யார் கண்ணுக்கும் படாத அந்தக் கட்டைகளுக்கு நீலப் பெயிண்ட் அடித்தான். கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு எதற்குடா அலங்காரம் என்று கேட்டதற்கு, துரு பிடிக்காமல் இருக்கும் அப்பா என்றான்.

அவன் அம்மா குள்ளம். வண்டி உயர்ந்துபோனதால் அவளால் ஏற முடியாது என்று, இடதுபக்கக் கதவுக்குக் கீழே ஆங்கிள் இரும்பில் ஒரு படி பற்றவைத்து, வழுக்காமல் இருக்கப் பழைய டயர்த் துண்டை அதன்மேல் வைத்து முடுக்கினான். அந்தப் படியில் அவள் கால் வைத்து, கதவைப் பிடித்து, உள்ளே ஏறி உட்கார்ந்ததும் முகத்தில் வந்த பெருமையை நான் பார்த்தேன். அடுத்த வீட்டு மொட்டைமாடியில் என்ன வத்தல் காய்கிறது என்பது வரைக்கும் தெரிகிறது என்றாள்.

ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்து போவது ஒரு தண்டனை. லோடு ஏற்றினால் கொஞ்சம் அடங்கும். காலியாகப் போனால், ரோட்டில் கிடக்கும் தீக்குச்சி மேல் ஏறினால்கூட நம் இடுப்புக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாசரேத்துக்கு உறவு வீடுகளைப் பார்க்கப் போவோம். அவன் ஓட்டுவான், அம்மா நடுவில், நான் ஜன்னல் ஓரம். ஆத்தூர்ப் பாலம் தாண்டியதும் ரோடு மோசமாகும். ஒவ்வொரு பள்ளத்திலும் நாங்கள் மூவரும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுவோம். அவர்கள் இருவரும் சிரிப்பார்கள். நான் முனங்குவேன். "ஏலே, மெல்லப் போலே. ஒங்கம்மா எலும்ப எண்ணிராத" என்பேன். அதைக் கேட்டு இன்னும் சிரிப்பார்கள். அடுத்த பள்ளத்தை அவன் வேண்டுமென்றே தேடிப் போகிறானோ என்று எனக்குச் சந்தேகம்.

அவன் போனது இந்த வண்டியில் இல்லை. ஹார்பர் ரோட்டில், பைக்கில் போனவன், கண்டெய்னர் லாரி ஒன்றில் அடிபட்டுப் போய்விட்டான். யார்மேல் தப்பு என்று அன்றைக்கு எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாசரேத்தில் என் அப்பாவின் கல்லறைக்கு அடுத்து எனக்கென்று நான் மனதில் குறித்துவைத்திருந்த இடத்தில் அவனை வைத்தோம். அந்த இடம் எனக்கு. அதைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நாசரேத்துக்குப் போவது என்று ஆயிற்று. முன்பு உறவு வீடுகள், இப்போது கல்லறைத் தோட்டம். ஸ்டியரிங் இப்போது என் கையில். நடு இருக்கை காலி. அவள் என்னை ஒட்டி உட்காராமல் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டாள். முத்தையாபுரம் தாண்டும்வரை வெளியே பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆடி மாதம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போய் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முதலில் தைலம் தேய்த்தாள். பிறகு கால் மரத்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, குலுங்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் விலகினால் காலுக்குப் போகிற நரம்பு கெட்டுவிடும் என்று சொன்னார். ஆட்டோவே கூடாது என்றார். எங்களிடம் என்ன வண்டி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு நான் ஒரு வாடகைக் காரைப் பேசிவைத்தேன். அவள் வாசலில் வந்து காரைப் பார்த்தாள், பிக்கப்பைப் பார்த்தாள், திரும்ப உள்ளே போய்ச் சேலையை மாற்றிவிட்டாள். மறுவாரமும் அதே கதை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏளா, ஒனக்கு முதுகு வேணுமா, வண்டி வேணுமா?"

"வண்டி" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபப்பட்டுக்கொண்டே பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கட்டையை எடுத்து, தம்பி சொருகிய அந்தத் தடிப்பட்டையை உருவி, பழைய அளவு டயரைப் போட்டால் வண்டி சொன்ன பேச்சு கேட்கும் என்றார். நான் சரி என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் அடுப்பில் கிடந்த பாலைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும். அதுல கை வைக்கப்பிடாது."

ஆக, எனக்கு விதித்த வேலை இதுதான்: மகன் வைத்ததில் ஒன்றையும் தொடக்கூடாது, அவன் அம்மாவின் முதுகும் குலுங்கக்கூடாது. பட்டறைக்காரர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். என்ன அண்ணாச்சி, பல்லைப் பிடுங்காமல் பல்வலிக்கு வைத்தியம் பார்க்கச் சொல்கிறீர்கள் என்றார். சொன்னாரே தவிர, கைவிடவில்லை. அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே.

முதலில் டயரில் காற்றைக் குறைத்தோம். குலுக்கல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் வளைவுகளில் வண்டி கள்ளு குடித்தவன் மாதிரி அசைந்தது. அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுபடி காற்றைப் பாதி ஏற்றினோம். அடுத்தது சீட்டு. இலவம்பஞ்சில் தடியாக ஒரு மெத்தை தைத்துப் போட்டேன். பழையகாயல் வரைக்கும் சொகுசாக இருந்தது, அதற்குப்பின் பஞ்சு அமுங்கி, பலகைமேல் உட்கார்ந்த கதைதான். பட்டறைக்காரர் எங்கிருந்தோ ஒரு பஸ் சீட்டின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து வெட்டி வைத்தார். அது தேவலை. ஷாக் அப்சார்பரை மாற்றலாம் என்றார். அதுவும் மகன் வாங்கிப் போட்டதுதான் என்பதால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டோம்.

இத்தனையும் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் சைக்கிள் வேகத்தில் வண்டியை ஓட்டுவேன். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடிப்பான். நான் கையை வெளியே நீட்டி அவனுடைய குடும்பத்தை விசாரிப்பேன். பக்கத்தில் அவள் கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கண்கள் இன்னும் இறுகும். வலியை என்னிடம் காட்டக்கூடாது என்று மூடிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ரோடு போட்டவனை, காற்றுப் பிடித்தவனை, டயர் செய்தவனை எல்லாம் ஏசிக்கொண்டே நாசரேத் போய்ச் சேருவேன்.

கல்லறைத் தோட்டத்தில் அவள் அதிக நேரம் நிற்பதில்லை. கொண்டுபோன பூவை வைப்பாள், கல்மேல் கிடக்கும் வேப்பஞ்சருகைக் கையால் தள்ளுவாள், திரும்பிவிடுவாள். இதற்காகவா இவ்வளவு தூரம் முதுகைக் கொடுத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குத் தோன்றும். போகிற வழிக்கும் வருகிற வழிக்கும்தான் அவள் வருகிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. லோடு இருந்தால் வண்டி அடங்கும் என்பது வாரத்தில் ஆறு நாளும் நான் பார்க்கிற விஷயம். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையும் லோடு ஏற்றினால் என்ன? மகன் வைத்த எதையும் தொட வேண்டாம். பாரத்தால் பட்டையை வளையவைத்துவிடலாம். பட்டறைக்காரரும் நல்ல யோசனை என்றார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் மணல்மூட்டை தேடியிருப்பான். நான் உப்புக்காரன். என் கைக்கு எட்டுகிற மூட்டை உப்புமூட்டைதான். பின்சக்கரத்துக்கு நேர் மேலே வருகிற மாதிரி உப்புமூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டினேன்.

அந்த ஞாயிறு வண்டி போன போக்கை நான் மறக்கமாட்டேன். ஆத்தூர்ப் பாலத்துக்கு அப்புறம் வரும் பெரிய பள்ளத்தில் இறங்கி, மெதுவாக மூச்சுவிட்டு எழுந்தது. வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டும்போது நான் அவளைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள், ஆனால் உதட்டைக் கடிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். லேசாகக் குலுங்குகிறது, வலிக்கவில்லை, இப்படியே இருந்தால் போதும் என்றாள். மகன் செத்தபிறகு நான் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது சந்தோஷம்தான்.

பிறகு மழை பிடித்தது. அளத்தில் வேலை நின்றது. மழைக்காலத்தில் வண்டிக்கு வேலை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதால், அடுத்த வாரம் மறுபடி ஏற்றுவானேன் என்று மூட்டைகளை அப்படியே வண்டியில் விட்டுவிட்டேன்.

உப்புத் தொழிலில் இருக்கிற எவனும் இதைச் செய்யமாட்டான். அளத்துக்கு ஓடுகிற வண்டியில் ஒரு ராத்திரிகூட உப்பை விட்டுவைக்கமாட்டோம். இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கமெல்லாம் பீய்ச்சிக் கழுவி, பட்டைகளுக்குப் பழைய ஆயிலைத் துணியில் நனைத்துப் பூச வேண்டும். மகன் இருந்தவரை அது அவன் வேலை. சாயங்காலம் ஹோஸ் பைப்போடு வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடுவான். அவன் போனபின் நானும் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். லோடு இறக்கினால் கழுவுவது என்பது கைக்குப் பழகிப்போன வேலை. லோடே இறக்காததால் கழுவ வேண்டும் என்கிற நினைப்பும் வரவில்லை. உப்பு மழைக்காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மூட்டைகள் தார்ப்பாய்க்குள்ளே இருந்தபடி வாரக்கணக்கில் அழுதன. அந்தத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, நேராக அவன் கட்டிய பட்டைகளின்மேல் விழுந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வண்டி மறுபடி இறுகத் தொடங்கியது. மழையில் ரோடு அரித்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் இரண்டு மூட்டை ஏற்றினேன். குலுக்கல் கூடியது. அவளுக்குக் கால் மறுபடி மரக்க ஆரம்பித்தது, கட்டிலிலிருந்து எழுந்திருக்க என் தோள் தேவைப்பட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சேலை மாற்றிக்கொண்டு வந்து படியில் கால் வைப்பாள். வேண்டாம் என்று நான் கத்தினால், கத்தி முடிக்கும்வரை நின்றுவிட்டு ஏறுவாள்.

தை மாதம் ஒரு ஞாயிறு, குரும்பூர் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது பின்னால் வெடி மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுடன் இத்தனை வருஷம் வாழ்ந்ததில் நான் கேட்காத சத்தம் அது. பிரசவத்தில்கூட அவள் கத்தவில்லை என்று என் அக்கா சொல்வாள்.

அன்று நாசரேத் போகவில்லை. அவளைக் காரில் படுக்கவைத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தோம். வண்டியைப் பட்டறைக்காரர் ஆள் அனுப்பி எடுத்தார். டாக்டர் என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டு, நரம்பு கெடவில்லை, ஆனால் இது கடைசி எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

சில வாரம் கழித்து அவள் எழுந்து நடமாடியதும், வண்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, காரில் மெதுவாகப் பட்டறைக்கு வந்தாள். வண்டியைத் தூக்கி நிறுத்திவைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் டார்ச் அடித்துக் காட்டினார். பட்டைகளுக்கு நடுவில் துரு புகுந்து, ஊதி, எல்லாம் ஒரே இரும்பாக ஒட்டிப்போயிருந்தன. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைய வேண்டியவை அவை. ஒட்டிப்போனதால்தான் வண்டி அப்படி இறுகியது. மகன் சொருகிய அந்தத் தடிப்பட்டைதான் ஒடிந்திருந்தது. கட்டைகளைப் பிடித்திருந்த போல்ட்டுகளை உப்புத் தின்று பாதியாக்கியிருந்தது. கட்டைமேல் நீலம் அங்கங்கே பொட்டுப்பொட்டாக மிஞ்சியிருந்தது. துரு பிடிக்காமல் இருக்கும் அப்பா.

பட்டறைக்காரர் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார். புது போல்ட் போட்டு, புதுப் பட்டை சொருகி, பழையபடி உயர்த்தியே கட்டிவிடலாம், பார்க்க அப்படியே இருக்கும், குலுக்கலும் அப்படியே இருக்கும். இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லோடு ஏற்றுகிற ஆசையையும் விட்டுவிட்டு, மெல்லிய பட்டைகளாக வைத்துக் கட்டலாம். அக்கா இதில் காரில் போகிற மாதிரி போகலாம் என்றார்.

இத்தனை மாதமாக எடு எடு என்று கத்தியவன் நான். இப்போது எடு என்ற சொல் எனக்கு வரவில்லை. அந்த நீலப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பட்டறைக்காரர்மேல் பாய்ந்தேன். நீர் எல்லாம் ஒரு மெக்கானிக்கா, உப்பை ஏற்றும்போதே ஏன் சொல்லவில்லை, புள்ள கட்டினதைக் காப்பாத்தத் துப்பில்லை, இனிமேல் இந்த வண்டியில் ஒரு ஆணியை யாராவது தொட்டால் பார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது என்பதைக் கத்தி முடித்தபிறகுதான் பார்த்தேன்.

என் மனைவி வண்டியின் பக்கத்தில் போய், படிமேல் ஒட்டியிருந்த அந்த டயர்த் துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"எடுத்துருங்க தம்பி" என்றாள். "அவனயே கொடுத்தாச்சு. இரும்பப் புடிச்சு வச்சு என்ன செய்யப்போறோம்."

எடுத்தார்கள். நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. வண்டி திரும்பி வந்தபோது வாசலில் குள்ளமாக நின்றது, யாரோ விற்க வந்த வண்டி மாதிரி. படி தரையில் இடிக்கும் என்பதால் அதை அறுத்து எடுத்து, வீணாக்காமல் சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். உப்பு ஓட்ட இனி வேறு வண்டி பிடிக்க வேண்டும். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு அவள் கதவைத் திறந்து, பழைய வழக்கத்தில் காலை உயரமாகத் தூக்கினாள். படி இல்லை. கால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு காலை இறக்கி, ஒன்றும் நடக்காதவள் போல உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை. வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. பழையகாயல், முக்காணி, ஆத்தூர்ப் பாலம், அந்தப் பெரிய பள்ளம், எதுவும் எங்களிடம் வரவில்லை. குரும்பூர் வேகத்தடை வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க ஆசைப்பட்டு அவளைப் பார்த்தேன். கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். மறுபடி திறந்து வெளியே பார்த்தாள். நாசரேத் வரைக்கும் அப்படித்தான் வந்தாள்.

கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வழக்கம்போலச் சீக்கிரம் திரும்பினோம். திரும்பும் வழியில் அவள் கன்னம் நனைந்திருந்தது. முதுகு வலிக்கிறதா என்று பதறிக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினேன். இல்லை என்றாள். வண்டி நல்லாத்தானே போகிறது என்று கேட்டேன். நல்லாப் போகிறது என்றாள். பின்னே என்னவென்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"குலுங்கும்போது கண்ண மூடிக்கிட்டா, அவன் ஓட்டுத மாதிரியே இருக்கும். நீங்க ஓரத்துல முனங்கிக்கிட்டே வருவிய. நாசரேத்து வரைக்கும் நாம மூணு பேரும் போவோம். இப்பம் கண்ண மூடுனா ஒண்ணுமே இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். நான் பள்ளத்துக்குப் பள்ளம் பார்த்துப் பார்த்து, பஸ்காரனிடம் ஏச்சு வாங்கி, காற்றைக் குறைத்து, பஞ்சை அடைத்து, உப்பை ஏற்றி, ஒவ்வொரு குலுக்கலாகப் பிடுங்கி எறிந்தது இதைத்தான். அவள் கண்ணை இறுக்கி மூடியதும் உதட்டைக் கடித்ததும் எதைப் பிடித்துவைத்துக்கொள்ள என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை. எனக்கு எப்போதும் முதலில் வருவது கோபம். அன்றைக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வண்டியை எடுத்தேன். முள்ளக்காடு வந்ததும் வீட்டுக்குப் போகிற ரோட்டில் போகாமல் அளத்துப் பாதையில் திருப்பினேன். மழை அரித்துப்போட்ட மண்பாதை. லாரிகளே தயங்கித் தயங்கிப் போகும். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அதனால் மெதுவாகத்தான் போனேன், ஆனால் ஒரு பள்ளத்தையும் விடவில்லை. வலதுபக்கம் ஒரு பள்ளம், இறக்கினேன். இடதுபக்கம் ஒரு மேடு, ஏற்றினேன். வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது. ஒரு சின்னக் குலுக்கல், என் மகன் கொடுத்ததில் கால்வாசி போதும் என்று ஸ்டியரிங்கை முறுக்கினேன். வரவில்லை. பட்டறைக்காரர் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தார்.

"போதும். வீட்டுக்குப் போவோம்" என்றாள் அவள்.

நான் கேட்கவில்லை. கண்ணை மூடு என்றேன். எதற்கு என்று பார்த்தாள். மூடு ஏளா என்று அதட்டினேன். மூடினாள். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளில் தண்ணீர் நின்றது. அடுத்த பள்ளத்தில் வண்டியை இறக்கினேன். இறக்கிக்கொண்டே, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவன் நான் என்பதை மறந்து, எங்களுக்கு நடுவில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து முனங்கினேன்.

"ஏலே, மெல்லப் போலே. ஒங்கம்மா எலும்ப எண்ணிராத."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்ந்து தன் பழைய நடு இருக்கைக்கு வந்தாள். பாதை முடிகிற வரைக்கும் நான் ஏசிக்கொண்டே ஓட்டினேன்.